கைதட்டாத இசைத்தட்டு

எண்பத்தாறாம் ஆண்டு தை மாதம், நான் அகதியாகப் போயிருந்த, ஜெர்மன் பேசும் பீல் நகரில் கொட்டிய பனியில் ஒரு யானையை நிறுத்தியிருந்தால் தும்பிக்கை நுனிதான் வெளியே தெரிந்திருக்கும். பஸ் ஓடவில்லை. நான் கோப்பை கழுவிய உணவகத்தின் பின்மண்டபத்தில் அன்று பிற்பகல் மார்லீஸ் என்ற பெண் சனத்தின் முன் ஓர்கன் என்ற கட்டை வாத்தியம் வாசிக்க, அதை இசைத்தட்டுக்காகப் பதிவுசெய்வதாக ஏற்பாடு. சோல் ஜாஸ். தேவாலயத்தில் வாசித்துக்கொண்டிருந்தவளை இந்த ஆட்டம்போட வைக்கும் இசைக்காகவே வேலையால் நிறுத்திவிட்டார்களாம். இந்தத் தட்டும் வெளிவராவிட்டால் ஓர்கனை விற்றுவிட வேண்டியதுதான்.

மண்டபத்தில் வெறும் கதிரைகள். சனத்தின் ஆரவாரம் கேட்காவிட்டால் தட்டு இல்லை என்று பதிவுக்காரர் கையை விரித்தார். மார்லீஸின் முகம் பனியைவிட வெளுத்தது.

விடுவேனா? அகதி விடுதிக்கு ஓடி, சூடான சூப் உண்டு என்று சொல்லி, கால் உள்ள தமிழர் அத்தனை பேரையும் ஓட்டிவந்தேன். முன்வரிசையில் யோகராஜா அண்ணை. கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் களைத்து விழும்வரை கேட்கிற மனிதர்.

ஓர்கன் உறுமியது. கூரைப் பனி சரிந்து வீதியில் ஒரு கார் புதைந்தது. இன்று ஓய்வூதியம் எடுக்கிற வயதில் பொய் சொல்வேனா? எங்கள் சனம் சொக்கிப்போனது. வாசிக்கும்போது சத்தம் போடுவது மரியாதையா? தொடையில் தாளம் போட்டு, தலையை இடமும் வலமும் ஆட்டி, "ச்சு... ச்சு..." என்று ரசித்தார்கள். பாட்டு முடிந்தும் கண்ணை மூடியே இருந்தார்கள்.

ஒரு கைதட்டும் இல்லை. அடுத்த பாட்டுக்கும் இல்லை. அதற்கடுத்ததின் நடுவில் மார்லீஸ் நெற்றியைக் கட்டைகளில் போட்டுக் கவிழ்ந்தாள். ஓர்கன் அலறியது.

"வேண்டாம் என்று தலையாட்டுகிறார்கள். பரிதாபப்பட்டு 'ச்சு' கொட்டுகிறார்கள்," என்று என்னைப் பார்த்து விம்மினாள். "என் கதை முடிந்தது."

"நல்லது! தலை ஆட்டினால் நல்லது!" என்று பேசத் தெரிந்த நாலு ஜெர்மன் சொல்லையும் கொட்டினேன். அவள் நம்பவில்லை.

யோகராஜா அண்ணைக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேவிட்டார்.

"என்ன பிள்ளை இது? இப்பதானே சூடு பிடிச்சது! அதுக்கிடையில படுக்கிறியோ? வாசி மோனை, வாசி!"

"ஓம், வாசியுங்கோ!" என்று மண்டபமே கத்தியது.

மொழி புரியாவிட்டாலும் அந்தப் பசி அவளுக்குப் புரிந்தது. கண்ணீரைத் துடைக்காமலே விரல்களை வைத்தாள். பதிவுநாடா நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

தட்டு வெளிவந்தது. அதில் கைதட்டு மருந்துக்கும் இல்லை. ஓர்கனின் அலறல், ஒரு விம்மல், யோகராஜா அண்ணையின் அதட்டல், பதிவுக்காரர் கேட்ட ஆரவாரமாக மண்டபத்தின் கத்தல், பிறகு இசைப் பிரளயம். அதட்டலை வெட்டப்போன பதிவுக்காரரிடம், அதை வெட்டுவதென்றால் முதலில் என் கையை வெட்டு என்றாளாம் மார்லீஸ்.

"என்ர தட்டைக் கேட்டனியோ?" என்று யோகராஜா அண்ணை இன்றைக்கும் கேட்பார். "பின்னால ஒரு பிள்ளை ஓர்கன் வாசிக்குது. பரவாயில்லை."