சித்தி சத்தியம் செய்யாத ஞாயிறு

1.

இந்தக் கதை என் நாட்குறிப்பில் சில வரிகளாகத்தான் இருந்தது. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

"ஞாயிறு. மழை இல்லை. பகல் 12.20. தலைவர் ஜீவராஜ் வீட்டுக்கு வந்தார். சித்தி சத்தியம் செய்யவில்லை. சோறு ஆறிப்போனது."

பகலில் மாத்தளையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். மாலையில் ஆங்கில டிப்ளோமா வகுப்பு. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் அங்கேதான் தொற்றியது. திகதி, நேரம், யார், என்ன. 'ஏன்' என்பதற்கு என் கொப்பியில் இடம் விட்டதில்லை. அந்த ஞாயிற்றுக்கு மட்டும் ஓரத்தில் சின்னதாக 'ஏன்' என்று எழுதினேன். அதிலிருந்து இது வளர்ந்துவிட்டது.

(நேரம் 12.20 தானா? எங்கள் சுவர்க்கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடும். 12.15 என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

2.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"ரத்தோட்டை மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில்..." (நடந்தது பகலில். பனியும் இல்லை.)

"கடவுளா, கட்சியா என்ற கேள்வி சந்திரகாந்தாவின் முன்னால்..." (சித்திக்கு அதுவரை அப்படி ஒரு கேள்வியே இருந்ததில்லை. விட்டுவிட்டேன்.)

மூன்றாவது தொடக்கம் சித்தியின் பைபிள். அதில் பக்க அடையாளமாக அவர் வைத்திருந்தது கட்சியின் உறுப்பினர் அட்டை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்கமும் கட்சியும் ஒன்றுதான். சித்தி கொழுந்து பறிப்பவர், கட்சியின் மாதர் தலைவி, சபையில் ஞாயிறு வகுப்பு எடுப்பவர். சபையில் கட்சிக்காக ஜெபிக்க வேண்டாம் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். அதனால் தேர்தல் நெருங்கினால் சித்தி சத்தம் வராமல் உதடுகளை மட்டும் அசைப்பார். கட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் தேங்காய் உடைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். இரண்டு இடத்திலும் யாரும் எதுவும் கேட்டதில்லை. அந்த அட்டையும் வருடக்கணக்காக, சங்கீதத்திலிருந்து சுவிசேஷத்துக்கும் அங்கிருந்து நிருபங்களுக்கும், அந்தப் புத்தகத்துக்குள்ளேயே நகர்ந்துகொண்டிருந்தது.

(கட்சியின் பெயரையும் கொடியின் நிறத்தையும் எடுத்துவிட்டேன். எந்த நிறத்தைப் போட்டாலும் கதை நடக்கும்.)

3.

உள்ளூராட்சித் தேர்தலில் எங்கள் வட்டாரத்தில் கட்சி பதினொரு வாக்குகளால் தோற்றது. எப்போதும் ஜெயிக்கிற இடம். யார் மாற்றிப் போட்டது என்று கண்டுபிடிக்கச் சொல்லி மாத்தளைக் கட்சி அலுவலகத்திலிருந்து தோட்டத் தலைவர் ஜீவராஜுக்கு உத்தரவு. வீட்டுக்கு ஒருவர் சத்தியம் செய்ய வேண்டும் என்று முடிவானது. இந்துக்கள் கோயிலில் கற்பூரம் அடித்துச் செய்தார்கள். கிறிஸ்தவ வீடுகள் ஆறு. ஐந்து வீட்டார் பைபிளில் கை வைத்துவிட்டார்கள். ஆறாவது நாங்கள். வீட்டில் சித்தியும் நானும் மட்டும்.

சத்தியம் செய்யாத வீட்டின் பெயர் ஏழு பேர்ச் காணியும் வீடும் கொடுக்கிற லிஸ்டில் இருக்காது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஜீவராஜின் கையில் இருந்த கொப்பியே அந்த லிஸ்ட்தான். தோட்டத்து லயத்தின் ஒற்றை அறையில் பிறந்த சித்தி பதினாறு வருடமாகக் காத்திருந்தது அதில் ஒரு வரிக்கு.

"அக்கா, ஒரு நிமிசந்தான். கைய வச்சு சொல்லிருங்க. டிக் போட்டுட்டுப் போயிர்றேன்," என்றார் ஜீவராஜ்.

"என்னான்னு சொல்லணும்?"

"'எங்க வீட்டு ஓட்டு மொத்தமும் நம்ம கட்சிக்குத்தான் போட்டோம்.' அவ்வளவுதான்."

"சத்தியமே பண்ணாதீங்கன்னு ஆண்டவரு சொல்லியிருக்காரு, தலைவரே."

கூட வந்த நாகமுத்து மாமா உள்ளங்கையைக் காட்டினார். "நாங்கெல்லாம் கைய சுட்டுக்கிட்டு வந்திருக்கோம். ஒங்க பொஸ்தகம் சுடவும் சுடாது. அதுக்கும் மாட்டேங்கிறீங்களேம்மா!"

"அண்ணே, தேர்தலன்னைக்கு நீங்க நாவுலயில மக வீட்டுல தானே இருந்தீங்க?"

"இருந்தேன். போடாத ஓட்டு அவனுங்களுக்கும் போகலதானே? கற்பூரத்துக்குக் கணக்கு தெரியும்."

ஜீவராஜ் காதில் விழாதவர் போல பேனாவைத் திறந்து மூடினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "சரிக்கா. சத்தியம் வேணாம். ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்லன்னு சொல்லலாந்தானே? ஒங்க வேதத்துல அது சரிதானே?"

"சரிதான்."

"அப்ப சொல்லுங்க. ஆமாவா, இல்லயா?"

சித்தி சுவரைப் பார்த்தார். 

சோற்றுப் பானையின் மூடி ஒருமுறை தட்டி அடங்கியது. சித்தி பைபிளைத் திறந்து கட்சி அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். ஜீவராஜ் அதை எடுக்கவில்லை.

"லிஸ்ட் அடுத்த திங்கக்கிழம மாத்தளைக்குப் போகுது. அதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லிருங்கக்கா."

அந்த அட்டை இன்றுவரை சீனி டின்னுக்கு அடியில் கிடக்கிறது. சித்தி இப்போது பக்கத்தை விரலால் தேடித்தான் எடுக்கிறார்.

4.

இதுவரை எழுதியதில் எனக்குச் சந்தேகம் ஜீவராஜ் மேல். அவரை வில்லனாக எழுத இரண்டு தடவை முயன்றேன். முடியவில்லை. சித்தப்பா செத்தபோது பெட்டியைச் சுமந்தவர் அவர். சபை மண்டபத்துக்குக் கரண்ட் இழுக்க அலைந்தவரும் அவர்தான். அன்றைக்குப் போகும்போது எங்கள் வாசல் இஸ்தோப்பில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, திரும்பி வந்து சரியாகப் போட்டுக்கொண்டு போனார். அவருக்கும் கால் நிலையில்லை.

சித்தி ஏன் பேசாமல் இருந்தார் என்பதற்கு என்னிடம் ஒரு நல்ல கருத்து இருந்தது. விசுவாசம் கட்சியை ஜெயித்த நிமிடம் அது என்று அரைப்பக்கம் எழுதினேன். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் ஸஜீதாவிடம் காட்டினேன். அவள் புடவைக்கடையில் வேலை செய்பவள். துணியில் ஓட்டை இருந்தால் விரல் தானாக அங்கே போகும்.

"சத்தியம் பண்ணாதது மார்க்கம். விளங்குது," என்றாள். "ஆனா ஆமா இல்லன்னு சொல்ல அவங்கட மார்க்கத்தில தடை இல்லையே. பொறகு ஏன் சொல்லல?"

நான் தாளை மடிக்கப் போனேன். அவள் விடவில்லை.

"அதோட, மூடி தட்டின சத்தம் வரைக்கும் எழுதியிருக்கிறாய். நீ எங்க இருந்தாய்?"

"அடுப்புக்கிட்ட."

"அப்ப கதையில ஏன் இல்ல? நேரத்த மட்டும் அஞ்சு நிமிசம் திருத்துவாயாக்கும்!"

5.

மூன்றாம் பகுதியில் ஒரு வாக்கியத்தைத் திருத்துகிறேன். சித்தி சுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

அது என் முதல் வாக்கு. அட்டைப்பெட்டி மறைப்புக்குப் பின்னால் நின்றபோது, உலகத்தில் யாருமே பார்க்காத ஓர் இடத்தில் நான் முதன்முதலாக நிற்கிறேன் என்று தோன்றியது. கட்சி மேல் கோபமெல்லாம் இல்லை. கை வேறு பக்கம் போனால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. பென்சில் போனது. பதினொன்றில் ஒன்று நான்.

சித்தியிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு ஜீவராஜ் கேட்டது சித்தியின் வாக்கை அல்ல. 'எங்க வீட்டு ஓட்டு மொத்தமும்.' ஆமா என்றால் பொய்யாகலாம். இல்லை என்றால், கைகாட்ட அந்த வீட்டில் இன்னும் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறாள்.

(அவருக்குத் தெரியும் என்பதற்கு ஆதாரம் ஒரு பார்வை மட்டும். அடுப்பு எரிகிறதா என்று பார்த்ததாகவும் இருக்கலாம்.)

6.

முடிவுகள்.

அ) நான் போய் ஜீவராஜிடம் உண்மையைச் சொல்கிறேன். சித்தியின் வாக்கு சுத்தமாகிறது, ஆனால் வீட்டு வாக்கு மொத்தமும் கட்சிக்கு இல்லை என்றும் ஆகிறது. சித்தி காத்த மௌனத்தை நானே உடைத்தவளாகிறேன்.

ஆ) சித்தி "ஆமா" என்கிறார். வீடு வருகிறது. புதுவீட்டின் முதல் ஜெபத்தில் அவர்... (இதற்கு மேல் எழுத வரவில்லை.)

இ) ஜீவராஜ் எதுவும் கேட்காமல் பெயரை எழுதிவிடுகிறார். இந்த முடிவு எனக்குப் பிடிக்கும். செருப்பை மாற்றிப் போட்டதைத் தவிர இதற்கு என்னிடம் சான்று கிடையாது.

7.

இன்று ஞாயிறு. மழைத்தூறல். மாலை 5.35, கடிகாரத்தைத் திருத்திவிட்டேன். நாளை லிஸ்ட் போகிறது. சித்தி கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருக்கிறார். ஆறு மணிக்கு ஜெபத்துக்கு உட்காருவார்.

முடிவை எழுத வேண்டியவள் நானா என்று ஒரு வாரமாக யோசித்தேன். அந்த மௌனம் என்னுடையது அல்ல. அதற்குக் காரணமான வாக்கு என்னுடையது. என் பங்கை மட்டும் நான் எழுதிவிடலாம்.

எழுதிவிட்டேன். இந்தத் தாள்களை நாலாக மடித்து, சித்தி நேற்று நிறுத்திய பக்கத்தில், அட்டை இருந்த இடத்தில் வைக்கிறேன். கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது. புத்தகம் சரியாக மூடவில்லை.

நீங்கள் படித்த அளவே அவரும் படித்திருப்பார். அதற்குப் பிறகு அவர் யாரிடம் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

கதவு திறக்கிறது.