மார்த்தாளின் கடைசி அத்தியாயம்

“அங்க முடியலக்கா. அதுக்குப் பொறவும் ஒரு அத்தியாயம் இருக்கு.”

“போலே! எம்புட்டுத் தடவ வாசிச்சிருக்கேன், எனக்குத் தெரியாத அத்தியாயமா? மெட்ராஸ் தண்ணி குடிச்சா இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும் போல.”

இன்பம் சிரித்துக்கொண்டே முருங்கைக்கீரை உருவினாள். ஞாயிறு ஆராதனைக்கு உடுத்திய வெள்ளைச் சேலையை இன்னும் மாற்றவில்லை. மெட்ராஸில் ஆங்கில இலக்கியம் படிக்கும் சித்தப்பா மகன் பால்துரை, கோடை விடுமுறைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்திருந்தான்.

விக்டோரியா ராணி காலத்தில் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி எழுதிய நாவலைப் பற்றித்தான் பேச்சு. மிஷன் போட்ட தமிழ்ப் பதிப்பு இன்பத்துக்கு மனப்பாடம். பார்வையிழந்த தகப்பனுக்காகக் காதலனை அனுப்பிவிட்டு மார்த்தாள் விளக்கேற்றுகிறாள், போதகர் அவளை வாழ்த்துகிறார், முற்றும்.

“பக்திக் கதை எழுதுன அம்மான்னுதான் இதுவர சொன்னாவ. இப்ப லண்டன்ல கையெழுத்துப் பிரதியப் பாத்துப் புதுசா ஆராயுதாவ. அந்த அம்மா தியாகத்தப் புகழல, அதுக்காக அழுதிருக்காவன்னு எழுதுதாவ. கடைசி அத்தியாயத்துலதான் அம்புட்டும் இருக்கு. இதத் தமிழ்ல பேத்து எழுதுன மிஷன் துரைசானி, பொம்பளப் பிள்ளையளுக்கு ஆகாதுன்னு அத விட்டுட்டாவ.”

“அதுல என்னலே வருது?”

“மார்த்தாளுக்குத் தல நரச்சுட்டு. ஏன் அவர அனுப்புனீங்கன்னு பக்கத்து வீட்டுப் பிள்ள கேக்குது. ‘எங்கப்பா என்னய இருன்னு சொல்லவே இல்ல. நானும் ஒரு வார்த்த கேக்கல’ன்னு சொல்லுதா.”

இன்பத்தின் கை கீரையிலேயே நின்றது.

ராஜபாளையம் மில்லில் ஃபிட்டராக இருக்கும் ஞானதுரை, அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்தவன், போன வருடம் இதே அடுப்படி வாசலில் நின்று, “ஒங்க ஐயாவையும் நம்மகூட வச்சுக்கிடுவோம்” என்றான். உள்ளே கண் தெரியாமல் கிடந்த தகப்பனிடம் அவள் கேட்கவில்லை. “மார்த்தாள் போனாளா?” என்று மட்டும் சொன்னாள். அவன் ஒன்றும் புரியாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான்.

இன்று காலை அவனுக்கும் வன்னியம்பட்டிப் பெண்ணுக்கும் மூன்றாம் ஓலை, கல்யாணத்துக்கு முந்திய கடைசி அறிவிப்பு, வாசித்தாயிற்று. “ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம்” என்று போதகர் கேட்டபோது இன்பம் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்த்தாளைப் போல நின்றுவிட்டோம் என்று ஒரு சின்னப் பெருமைகூட அப்போது இருந்தது.

“என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரியாயிட்டு?”

“மெல்லப் பேசுலே. ஐயாவுக்குக் கேக்கும்.”

உள்ளே கட்டில் கயிறு முனகியது.

“கண்ணுதான போச்சு, காது கெடக்குல்லா” என்றார் அவள் தகப்பன் நேசையன். “ஏலே பால்துரை, இன்பம் எனக்கு வாசிச்சுக் காட்டயில எல்லாம் நெனப்பேன், அந்தத் தகப்பன் ஏன் வாயத் தொறக்கவே மாட்டங்கான்னு.”

இன்பம் கீரையைக் கீழே வைத்தாள்.

“செத்த உள்ள வந்து அந்த அத்தியாயத்த எனக்குச் சொல்லுலே. இன்பத்தையும் வந்து பக்கத்துல உக்காரச் சொல்லு.”