குட்டையில் ஏழு குழி

அண்ணி பத்து வருஷம் செங்கல் சூளையில் மண் மிதித்தவள். ஒரு பிடி மண்ணைக் கையில் கொடுத்தால் அதன் ஜாதகத்தையே சொல்லிவிடுவாள். அந்த ஜம்பம்தான் இரண்டு ஏக்கர் சோளத்துக்கு எமனாக வந்தது. ஆனாலும் அவளைத் திட்டுவதற்கு முன்னால் நடந்ததைக் கேட்டுவிடுங்கள்.

கதிர் பால் பிடித்த நேரம். குருவிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. கவண் சுற்றுவதில் நாத்தனாரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் கல் எறியக் கூடாது. "பிளேடுல இன்னொரு கல்லு மாட்டுச்சுன்னா இந்தப் பக்கமே எட்டிப் பாக்கமாட்டேன்" என்று அறுவடை மெஷின்காரன் போன வருஷமே கத்திவிட்டுப் போயிருந்தான். மண் உருண்டை என்றால் விழுந்த இடத்திலேயே கரைந்துபோகும். பட்டணத்து வேலையில் இருந்த அண்ணியின் புருஷனும் போனில் கறாராகச் சொல்லிவிட்டான்: "இந்த வெள்ளாமையும் போச்சுன்னா நிலத்த வித்துடுறேன். ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க."

அவனுடைய ஒற்றை அறையை அண்ணி பார்த்திருக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது.

மண் தேடிக் கிளம்பினார்கள். வரப்பு மண் உருட்டும்போதே விரிசல் விட்டது. வாய்க்கால் மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தாள், பல்லில் நறநறத்தது.

"பசிச்சா சொல்லுங்க அண்ணி, வீட்ல சாப்பாடு இருக்கு" என்றாள் நாத்தனார்.

"வாய மூடுடி" என்று துப்பினாள் அண்ணி.

கடைசியில், வயலுக்குத் தண்ணீர் பாயும் குட்டையில், முழங்கால் தண்ணீரில் கிடைத்தது. கறுத்து, வழவழவென்று, மணலே இல்லாத களி. பென்சில் கனத்துக்குத் திரித்து விரலில் மோதிரமாகச் சுற்றினாள். ஒரு கீறல்கூட விழவில்லை. எலுமிச்சை அளவில் உருட்டி, வெயில் பட்டால் வெடிக்கும் என்று நிழலிலேயே மூன்று நாள் காயவைத்தாள்.

"தோட்டா மாதிரி போகுது அண்ணி! உங்க கைய என்னமோன்னு நெனச்சேன்."

புகுந்த வீட்டில் அவள் காதில் விழுந்த முதல் பாராட்டு அது. அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் குட்டையில் இறங்கினாள். ஒரு முழம் தோண்டியதும் கையில் மணல் தட்டுப்பட்டது. மணல் கலந்தால் உருண்டை உதிரும் என்று ஓர் எட்டு தள்ளித் தோண்டினாள். அங்கேயும் ஒரு முழத்தில் மணல். இப்படி ஏழு குழி. குட்டையில் தண்ணீரைத் தாங்கி நின்றதே அந்த ஒரு முழக் களிதான் என்று அவளுக்கு உறைக்கவில்லை. பத்து வருஷம் மண்ணில் கிடந்தவளுக்கு, சூளையில் விலைபோகும் மண், போகாத மண் என்று இரண்டுதான் தெரியும்.

குருவிகள் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடின. ஒன்பது நாள் வயலில் அமைதி. பத்தாம் நாள் காலை நாத்தனார் மூச்சிரைக்க வந்தாள்.

"அண்ணி, குட்டைல பாதித் தண்ணியக் காணோம்!"

"வெயிலு..."

"வெயிலு குடிக்கிற வேகமா இது?"

அந்தக் கேள்வியிலேயே அண்ணிக்குப் புரிந்துவிட்டது. மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவளோ மீதி இருந்த உருண்டைகளைக் கூடையில் அள்ளினாள். இருவரும் அவற்றை நனைத்துப் பிசைந்து குழிகளில் வைத்து மிதித்தார்கள். இரண்டு குழிக்குத்தான் அது போதுமானதாக இருந்தது. மற்ற ஐந்து குழியின் மண்ணும் காடு மேடெல்லாம் எறிந்து தீர்ந்திருந்தது. மூன்றாம் நாள் குட்டையில் சேறு மட்டும் மிஞ்சியது. சோளத்துக்கு இன்னும் இரண்டு முறை தண்ணீர் பாய்ச்ச வேண்டியது பாக்கி.

மழை வருமென்று அண்ணி பன்னிரண்டு நாள் வானத்தைப் பார்த்தாள். சோளத் தோகை சுருண்டது. பால் கட்டிய மணி சப்பையாகிப்போனது. புருஷன் போன் செய்தபோது அவள் எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் குருவிகள் திரும்பி வந்தன. நாத்தனார் பழக்கத்தில் கவணைத் தேடினாள். அண்ணி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"தின்னுட்டுப் போகட்டும், விடு."

குருவிகள் கதிரில் உட்கார்ந்தன, கொத்தின, அடுத்த கதிருக்குத் தாவின. வெறும் பதர். சற்று நேரத்தில், யாரும் விரட்டாமலே, மொத்தக் கூட்டமும் எழுந்து போய்விட்டது.