ஒன்பது வருட ஒத்திகை

கண்டியில் பொழுதுபட்டால் கலியாணமாகாத ஆம்பிளைகள் கெட்டுப்போக வழிக்கா பஞ்சம்? கள்ளுத் தவறணை இருந்தது, சீட்டு மேசை இருந்தது, வாவிக்கரையில் காற்று வாங்க வரும் பெண்களும் இருந்தார்கள். அந்த மூன்றையும் ஏறெடுத்தும் பார்க்காத உத்தமர்கள் முனாபின் புடைவைக் கடை மேல்மாடியில் கூடினார்கள். படிவாசலில் ‘வாலிபர் மதுவிலக்கு நாடக சபை’ என்று பலகை தொங்கியது. ஊர்த் தாய்மார் அதைப் பார்த்துப் பூரித்துப் போனார்கள். பிள்ளை பெண்ணைக் கண்டால் திரும்பியும் பார்க்கிறானில்லை என்றால், அதைவிட ஒழுக்கம் வேறென்ன வேண்டும்?

சபையின் இளவரசன் கிளாக்கர் கந்தையா. இளவரசி, கடை முதலாளி முனாப். பெண் வேஷத்தை ஆண்தான் கட்ட வேண்டும் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்த புண்ணியவான்களைச் சபையார் நாள்தோறும் வாழ்த்தினார்கள். ஒரே ஒரு குறை. இளவரசி வேஷத்துக்கு ஆறு பேர் முண்டியடித்தார்கள். அரக்கன் வேஷத்துக்கு ஆளே கிடைக்கவில்லை. ஆகவே காதலர் பிரியும் கட்டத்தை மட்டும் ஜோடி ஜோடியாக ஒத்திகை பார்த்தார்கள். இப்படியே ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

விளக்கேற்றியதும் சபையின் வாத்தியக்காரன் பளீல் ஆர்மோனியத்தில் கை வைப்பான். கந்தையா முனாபின் கையைப் பிடிப்பான். பகலில் தெருவில் கண்டால் “சலாம் முதலாளி” என்று விலகிப் போகிறவனுக்கு, அந்தக் கையைப் பிடிக்க உலகத்திலே இருந்தது அந்த ஓர் அறைதான்.

கட்டடத்துக்குச் சொந்தக்காரர், சபைக்குப் போஷகர், எல்லாம் ஸ்ரீஸ்கந்தராசாதான். மனைவியை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு முப்பது வருடம் கண்டியில் உத்தியோகம் பார்த்தவர். பென்சன் எடுத்த பிறகும் ஊருக்குப் போகவில்லை. கண்டிக் குளிர் உடம்புக்கு ஒத்துப்போகிறதாம். 1933ஆம் ஆண்டு கடைசியில் ஒருநாள் அவர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

“என்ன தம்பிமார், ஒன்பது வருசமா ஒத்திகை? பொங்கலுக்கு மேடை ஏத்துங்கோ. ஏலாதெண்டால் சபையைக் கலைச்சுப்போட்டு இதை வாசிகசாலை ஆக்குவம்.”

அவர் இறங்கிப் போனதும் முனாப் தலையில் கைவைத்தான். “அல்லாவே, நமக்கு அந்த ஒரு கட்டம் மட்டும்தானே பாடம்!”

பொங்கலன்று பாடசாலை மண்டபம் நிரம்பி வழிந்தது. தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கங்காணிமார் குடும்பத்தோடு பஸ் ஏறி வந்திருந்தார்கள். திரை விலகியது. கந்தையா முனாபின் கையைப் பிடித்தான். ஒன்பது வருடம் சிரித்துச் சிரித்துச் செய்த கட்டம். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. இது முடிந்தால் அடுத்த கட்டம் கிடையாது, குட்டு வெளிப்படும், நாளைக்கு அந்த அறையும் இல்லை. கையை விட அவனுக்கு மனம் வரவில்லை. இளவரசன் விம்மினான். இளவரசியின் கண்மை கரைந்து கன்னத்தில் ஓடியது.

“வன்ஸ்மோர்!” என்று மண்டபம் அலறியது.

ரசிகர் கேட்டால் திரும்பச் செய்வதுதானே மேடை மரியாதை? செய்தார்கள். மறுபடியும் “வன்ஸ்மோர்!” ஒரு கங்காணியின் மனைவி புருஷனின் விலாவில் இடித்தாள். “பாருங்க, நீங்களும் இருக்கீங்களே!” அழுது களைத்த சனம் கடைசியில் மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குப் போயிற்று. பிறகு இளவரசி என்ன ஆனாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வேஷம் கலைக்கும் அறை வாசலில் ஸ்ரீஸ்கந்தராசா வந்து நின்றார். கந்தையா பதறி எழுந்தான். முனாபின் கையை விட மறந்துவிட்டான். கிழவர் அந்தக் கைகளையே பார்த்தார்.

“மாடி... ஐயா...” என்றான் கந்தையா.

“மாடி இருக்கட்டும்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அந்த அரக்கன் வேசத்துக்கு இன்னும் ஆள் இல்லையெண்டு கேள்வி.”

கந்தையா நிமிர்ந்து பார்த்தான். கிழவரின் கண்கள் சிவந்திருந்தன. அவனுக்கு விளங்கியது, நெஞ்சு இளகிப் போயிற்று.

“இனி நாங்கள் மேடை ஏத்திறதில்லை ஐயா. ஒத்திகை மட்டும்தான்.”

“அதுதான் தம்பி வேணும்,” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. “முப்பது வருசமா மேடையில நிண்டு களைச்சுப்போனன்.”