பொனெட்டுக்கடியில் ஒரு போத்தல்

பல்ப்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது என்பது றம்லத்துக்குத் தெரியும். பட்டால் விரலின் பிசுக்கு ஒட்டி, சூடேறியதும் அந்த இடத்திலேயே வெடித்துவிடும் என்று புருஷன் பஹீம் சொல்லியிருக்கிறார். அவர் எதையும் ஒரு தடவை சொல்லிவிட்டு விடுகிற ஆள் இல்லை. வத்தேகமப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் காலமெல்லாம் கணக்குப் படிப்பித்தவர், வீட்டுக்குள்ளும் கரும்பலகையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே நடமாடினார். ஆகவே அவள் வெள்ளைச் சேலையின் முந்தானையால் பல்ப்பைப் பிடித்துக்கொண்டு, போட்டிக்கோவில் நின்ற பழைய ஜப்பான் காரின் பொனெட்டைத் தூக்கினாள். கேட் பூட்டியிருந்தது. கேட்டுக் கம்பிகளின் இடைவெளியை மறைத்து மகள் ஷஹ்மா ஒரு படுக்கை விரிப்பைக் கட்டியிருந்தாள். புருஷன் மவுத்தாகி, துக்கக் காலமான இத்தா இருக்கிறவள் அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது, வீட்டைத் தாண்டவும் கூடாது. போட்டிக்கோ வீட்டுக்குள் சேருமா, வெளியில் சேருமா என்று முதல் வாரம் வந்துபோன பெண்களுக்குள் ஒரு வழக்கே நடந்தது. மேலே கூரை இருக்கிறதே, அது உள்ளேதான் என்று கடைசியில் தீர்ப்பானது. அதனால் கார் அவள் பங்குக்கு வந்தது.

அவள் அழவில்லை. பஹீம் பாடசாலை ஓய்வறையில் கதிரையில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார் என்று ஃபோன் வந்தபோதும் அழவில்லை, குளிப்பாட்டிக் கஃபன் துணியிட்டுக் கொண்டுவந்து காட்டியபோதும் அழவில்லை. வந்தவர்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, எப்போது உடையும் என்று காத்திருந்தார்கள். காத்திருந்து களைத்துப் போய் எழும்பிப் போனார்கள். றம்லத் கல்லாகிவிட்டாள் என்று பேசிக்கொண்டதும் அவள் காதில் விழுந்தது. கல்லுக்காவது பாரம் என்று ஒன்று இருக்கும், தனக்கு அதுவும் இல்லையே என்றுதான் அவள் நினைத்தாள். சாப்பிட்டாள், தொழுதாள், படுத்ததும் தூங்கிப்போனாள். அதில் அவளுக்கே கொஞ்சம் வெட்கம். ஒன்றுவிட்டு ஒரு நாள் காலையில், பெற்றரி இறங்கிவிடாமல் இருக்க, காருக்குள் ஏறிச் சாவியைத் திருகி எஞ்சினை ஓடவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். குண்டசாலை ரோட்டில் பஸ்கள் போகிற சத்தமும் எஞ்சின் சத்தமும் கலந்து கேட்கும். அந்த நேரம் யாரும் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. அது போதுமாக இருந்தது.

இன்றைக்கு அந்தி பட முதல் காரை வாங்க ஆள் வருகிறது. ஏற்பாடு அமான் நானாவுடையது. அவர் பஹீமின் மூத்தவர், கடுகண்ணாவையில் கடை வைத்திருப்பவர். புருஷனின் கூடப்பிறந்தவரும் மார்க்கத்தில் அந்நிய ஆண்தான் என்பதால், ஹோலுக்கும் உள்ளறைக்கும் நடுவில் தொங்குகிற திரைக்கு அப்பால் இருந்துதான் அவளோடு பேசுவார். கார் றம்லத்தின் வாப்பா கலியாணத்துக்குக் கொடுத்தது, ஆனால் பஹீமின் பேரில் எழுதியது. இப்போது ஓட்ட ஆளில்லாமல் நிற்கிறது. ஷஹ்மாவின் படிப்பு பாதியில் நிற்கிறது. ஒன்றை விற்றால் மற்றது நகரும் என்று அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. அவளும் சரி என்றாள். ‘இடது பக்கத்து ஹெட்லைட் பத்துதில்லை, நான் ஒருத்தன அனுப்புறேன்’ என்று அவர் சொன்னபோதுதான், ‘வாணாம் நானா, பல்ப் ஈக்குது, நான் போடுறேன்’ என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்திருக்கலாம்.

லைட்டின் பின்பக்கத்துக்குக் கையை விட இடம் போதவில்லை. நடுவில் ஏதோ தடுத்தது. எட்டிப் பார்த்தாள். ஒரு சோடாப் போத்தல். பெரிய பிளாஸ்டிக் போத்தல், கம்பியால் இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டி, மூடியில் ஓட்டை போட்டு, எஞ்சின் தலையிலிருந்து வருகிற றப்பர் குழாயை அதற்குள் இறக்கியிருந்தது. உள்ளே கழுத்துவரைக்கும் கித்துல் பனைப் பாணியின் நிறத்தில் எண்ணெய். அந்தக் குழாய் முன்பு போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு மரக்கட்டையைச் சீவி அடைப்பாக அடித்திருந்தது. கட்டையை அவ்வளவு வழவழப்பாகச் சீவுகிற ஆள் யாரென்று அவள் கேட்கத் தேவையில்லை. கதவுகளுக்கு ஆப்பு, கட்டிலின் காலுக்கு முட்டு எல்லாம் பஹீமின் அந்தக் கைதான்.

சந்திரகுமாருக்கு ஃபோன் எடுத்தாள். பஹீம் எப்போதும் காரைக் கொண்டுபோகிற கராஜ்காரன்.

“பாத்துட்டீங்களாக்கா?” என்றான் அவன். போத்தல் என்று அவள் தொடங்கியதுமே புரிந்துகொண்டிருந்தான். “அது பிரீதர் பைப்புங்க. எஞ்சினு மூச்சு விடுற கொழாய். அந்த ஆவி திரும்ப எஞ்சினுக்குள்ளயே போயி எரிஞ்சிரணும். இதுல ரிங்கெல்லாம் தேஞ்சு போயி, ஆவியோட எண்ணெயும் சேந்து வருது. உள்ள விட்டா நீலப் பொகை கக்கும், பொகை டெஸ்ட்டுல நிக்காது. அதான் வெளிய போத்தலுக்கு எடுத்துட்டோம். வருசம் நாலஞ்சு இருக்கும்.”

“செய்ய ஏலாதா?”

“எஞ்சின எறக்கணுங்க. சேர்கிட்ட அப்பவே சொன்னேன். வேணாம்னுட்டாரு. மாமனார் குடுத்த வண்டி, எங்கையில கெட்டுப்போச்சுன்னு வீட்ல தெரியக்கூடாதுன்னாரு.”

ஃபோனை வைத்ததும் றம்லத்துக்குக் கோபம் வந்தது. அழுகை வரும், வரும் என்று ஊரே பார்த்திருக்க, இந்த நாட்களில் முதன்முதலாக அவளுக்குள் வந்து நின்றது கோபம்தான். வாப்பா மவுத்தாகியே எத்தனை வருஷம்! யாருக்குப் பயந்து இந்த ஒளிப்பு? ஒரே பாயில் படுத்தவளிடம் ஒரு போத்தலை மறைத்திருக்கிறாரே மனுஷன். உள்ளே போய் அவரை நிற்க வைத்துக் கேட்க வேண்டும் என்று திரும்பியவள், இரண்டு அடி வைத்த பிறகுதான் கேட்க ஆளில்லை என்பதை உணர்ந்தாள். கோபமும் வந்த வழியே போய்விட்டது. வளைந்து, கையை நெரித்துக்கொண்டு, பல்ப்பைப் பொருத்தி லைட்டைப் போட்டுப் பார்த்தாள். எதிர்ச் சுவரில் வலது பக்கத்து வெளிச்சம் மஞ்சளாகவும் இடது பக்கத்து வெளிச்சம் வெள்ளையாகவும் விழுந்தது. அணைத்தாள்.

அசர் தொழுகைக்குப் பிறகு அமான் நானா வந்தார். திரைக்கு அப்பால் கதிரை முனகியது.

“நானா, அந்தக் கார்ட எஞ்சின் முடிஞ்சீக்குது. உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்,” என்றார் அவர். குரலில் ஆச்சரியம் இல்லை. “பழைய வாகனமெண்டா அப்பிடித்தான். வாங்குறவன்தான் பாத்து வாங்கணும்.”

“அவரு கேட்டா?”

“கேக்க மாட்டான். தம்பிக்கிட்ட படிச்ச பொடியன். அவர்ட காரெண்டு சொன்னதுக்கே விலை பேசாம வாறான்.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். “மவுத்தானவங்கட குறைய மறைக்கிறது நம்மட கடமை றம்லத். ஊர்ல அவருக்கு ஈக்கிற பேர் உங்களுக்குத் தெரியும். அத நம்மளே கெடுக்கப்படாது. நீங்க ஒண்டும் பேச வாணாம். இத்தாவுல ஈக்கிற பொம்புள அந்நிய ஆம்புளக்கி முன்னுக்குச் சத்தம் காட்ட வாணாம்.”

அவர் கெட்ட மனுஷன் இல்லை. ஜனாஸா அடக்கத்தின் செலவு முழுதும் அவர்தான் பார்த்தார், ஷஹ்மாவைத் தன் பிள்ளைகளோடு பிள்ளையாக நினைக்கிறவர். அவர் சொன்னதும் சரிதான், இறந்தவரின் குறையைத் திரை போட்டு மூடத்தான் வேண்டும். விற்கிற பொருளின் குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்பதும் சரிதான். இரண்டையும் இந்த வீட்டில் வாய் ஓயாமல் சொன்னவர் பஹீம். இரண்டும் ஒரே போத்தலில் வந்து விழும்போது என்ன செய்வது என்று மட்டும் சொல்லாமல் போய்விட்டார். பேசாமல் இருப்பது இந்த நாட்களில் அவளுக்குச் சுலபமாக வந்தது. இதையும் அப்படியே விட்டுவிடலாம், பொழுது படும், கார் போய்விடும் என்று திரைக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

வந்தவன் பேர் சுதேஷ். வத்தேகமைக்கு மேலே தோட்டத்துப் பிள்ளை, குண்டசாலையில் ஒரு கார்மென்ட்ஸில் வேலை. அதை விட்டுவிட்டு வாடகைக்கு ஹயர் ஓடப் போகிறானாம். திரைக்குப் பின்னாலிருந்து அவளுக்குக் கேட்டது அவன் குரல்தான், தேநீர்க் கோப்பையைச் சத்தமில்லாமல் வைக்கப் பார்த்து முடியாமல் போன கையின் தடுமாற்றமும்தான்.

“மெக்கானிக் ஒருத்தனக் கூட்டி வரல்லயா?” என்று அமான் நானா கேட்டார். மனசாட்சிக்கு ஒரு வார்த்தை கேட்டு வைக்கிற மாதிரி இருந்தது அது.

“எதுக்குங்க? சேர் ஓட்டுன வண்டிக்கு மெக்கானிக்கக் கூட்டியாந்தா அது மரியாதையாங்க?” என்றான் சுதேஷ். பிறகு, துக்க வீட்டில் ஏதாவது சொல்ல வேண்டுமே என்றோ, மனசில் நெடுநாள் கிடந்ததாலோ, அவனாகவே தொடங்கினான். “ஒம்பதாம் வகுப்புத் தவணைப் பரீட்சையில கணக்குக்கு எனக்கு முப்பத்தஞ்சுங்க. சரியா பாஸு. எங்க வீட்டு வரலாறுலயே கணக்குல பாஸான மொத ஆளு நாந்தான். எங்கம்மா பாயாசமே வச்சிருச்சு. சாயந்தரம் பாத்தா, லயத்து ரோட்டுல இந்தக் காரு ஏறி வருது. சேர் எறங்குறாரு. யாரோ செத்துட்டாங்கன்னு எங்கம்மா கத்திருச்சு. சேர் பேப்பர விரிச்சுக் காட்டி, ‘சுதேஷ், கூட்டுனதுல ஒரு மார்க்கு பெசகிருச்சு. உனக்கு முப்பத்தி நாலுதான்’ அப்படிங்குறாரு. அந்த ஒரு மார்க்க வெட்டுறதுக்கு அவ்வளவு தூரம் பெற்றோல் ஊத்தி வந்திருக்காருங்க! எங்கப்பாவுக்கு அழுகுறதா சிரிக்கிறதான்னு தெரியல. அப்பறம் அந்தப் பாயாசத்த ரெண்டு கப்பு குடிச்சிட்டுத்தான் போனாரு.”

திரைக்குப் பின்னால் றம்லத் சிரித்துவிட்டாள்.

புன்னகை இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, முந்தானையை வாயில் அடைப்பதற்குள் வெளியே பாய்ந்துவிட்ட முழுச் சிரிப்பு. ஹோலில் பேச்சு அறுந்தது. குசினி வாசலில் நின்ற ஷஹ்மா கையைத் தலையில் வைத்துக்கொண்டாள். அமான் நானா தேவையில்லாமல் இருமினார். இத்தாவில் இருக்கிற பெண்ணின் சத்தமே கேட்கக்கூடாது என்கிற வீட்டில், அவள் சிரிப்பு கேட் வரைக்கும் கேட்டிருக்கும். வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. பிள்ளையின் ஒரு மார்க்கை விட்டுவைக்க மனசில்லாமல் மலையேறிப் போன மனுஷன்! அதே மனுஷன்தான் கட்டையைச் சீவி அடைப்பு அடித்தவரும். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள். இரண்டாமவர் மேல்தான் அவளுக்குப் பாவமாக இருந்தது.

“தம்பி,” என்றாள். தன் குரலைக் கேட்டே அவளுக்குப் பல நாளாகிவிட்டது. “பொனெட்டத் தொறந்து பாருங்க. இடது லைட்டுக்குப் பின்னுக்கு.”

“றம்லத்!” என்றார் அமான் நானா.

“பாக்கட்டும் நானா.”

யாரோ எழும்பினார்கள். செருப்புகள் வெளியே போயின. பொனெட் திறந்து, கம்பி முட்டுக் கொடுக்கிற சத்தம் கேட்டது. அமான் நானா ஏதோ தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். கம்பியை முறுக்கி அவிழ்க்கிற கிறீச் சத்தம். ஐயோ என்று ஒரு சின்னக் குரல். பிறகு திரைக்கு அடியில், அப்பால், ஒரு ஜோடி வெறுங்கால்கள் வந்து நின்றன. பக்கத்தில் சீமெந்துத் தரையில் ஒரு கருப்புத் துளி விழுந்தது, இன்னொன்றும்.

“அம்மா,” என்றான் சுதேஷ். கார் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அவன் சொல்லவில்லை. “இத சேர் எப்பெப்பங்க வெளிய ஊத்துவாரு?”

தெரியாது என்றுதான் வாய்வரைக்கும் வந்தது. அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமைகளில், பள்ளிக்கூடம் போக முதல், கார் பார்க்கிறேன் என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போவார். பக்கத்தில் வராதே, உடுப்பில் எண்ணெய் பிரளும் என்பார். வெளியில் வரும்போது இரண்டு கையும் முழங்கை வரைக்கும் கருப்பாக இருக்கும். ஜும்மாவுக்குப் பள்ளிவாசலுக்குப் போகிற கையா இது என்று ஏசிக்கொண்டே, பின்வாசல் பைப்படியில் வைத்து அவள்தான் தேய்த்துவிடுவாள். விரல் விரலாக, நகம் நகமாக. அவர் பேசாமல் கைகளை நீட்டிக்கொண்டு நிற்பார். எல்லாவற்றையும் விளக்குகிற மனுஷன் அந்த நேரம் மட்டும் வாய் திறக்க மாட்டார்.

“வெள்ளிக்கிழமைல,” என்றாள். “ஜும்மாக்கு முந்தி.”

“நெறஞ்சு இருந்துச்சுங்க. கையெல்லாம் கொட்டிக்கிட்டேன்.”

“சவக்காரத்துக்கு மட்டும் போகாது தம்பி. சீனி போட்டுத் தேய்க்கணும்.” ஷஹ்மாவைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவள் ஒன்றும் கேட்காமல் குசினியிலிருந்து சீனிப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

றம்லத் ஒரு கை நிறைய அள்ளி, திரையின் ஓரத்தால் வெளியே நீட்டினாள். அப்பால் இரண்டு உள்ளங்கைகள் சேர்ந்து குவிந்தன. திரை விலகிய அந்தக் கொஞ்ச இடத்தில் அவளுக்கு ஆள் தெரியவில்லை. கைகள் மட்டும் தெரிந்தன. ரேகையெல்லாம் எண்ணெய் ஓடி, நகக்கண்ணெல்லாம் கறுத்து, மணிக்கட்டு வரைக்கும் நனைந்து, பேசாமல் நீட்டிக்கொண்டு நின்ற கைகள். விரல்களை மெல்லத் திறந்தாள். வெள்ளையாக விழுந்த சீனி விழுந்த இடத்திலேயே கறுத்தது. போதுமா என்று அவள் கேட்கவில்லை. முகத்தைத் துடைக்காமல், போத்தலிலிருந்து இன்னொரு கை அள்ளினாள்.