ஊற்றுப் பள்ளத்துக் கோயில்

தாலுகா ஆபீசில் படம் வரையும் பரந்தாமனுக்கு நாற்பது வயதிலேயே கண் மங்கிவிட்டது. அதனால் அந்த வரைபடங்களுக்கு வீட்டில் வைத்து வண்ணம் தீட்டுவது அவர் மனைவி கௌரியம்மாள்தான். கோடு அவருடையது, நிறம் இவளுடையது. ஆபீசில் யாருக்கும் தெரியாது.

யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடிய காலம். திருத்தணியைச் சுற்றிய குன்றுகளின் மரமெல்லாம் கரிமூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மரம் போன சரிவில் மழைநீர் நிற்கவில்லை. தெருக்கிணற்றுக்கு ஆதாரம் தெற்குக் குன்றின் ஊற்றுப் பள்ளம். அங்கே இன்னும் மரம் அடர்ந்திருந்தது. அதுவும் போனால் கிணறு வற்றிவிடும் என்று கௌரியம்மாள் பயந்தாள்.

"எங்க மரம் இருக்குது, எங்க இல்லன்னு ஒரு படம் போட்டுக் காட்டுங்களேன். மேல இருக்கறவங்களுக்குப் புரியாதா?" என்று அவள்தான் சொன்னாள்.

மொட்டைக் குன்றுகளுக்குச் செம்மண் நிறம், மிஞ்சிய மரங்களுக்குப் பச்சை. பச்சையை இரண்டு முறை பூசினாள். பார்ப்பவர் மனம் இளக வேண்டும் என்று நினைத்தாள். படம் அழகாயிருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும் என்றும் நினைத்தாள். எந்த ஆசை பெரியது என்று அப்போது தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மேலே இருந்தவர்களுக்கு நன்றாகவே புரிந்தது. படத்தில் பச்சையாயிருந்த இடங்கள் ஒவ்வொன்றாக ஏலத்துக்கு வந்தன. கரி கான்ட்ராக்டர் துளசிங்கம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீடு தேடி வந்தார்.

"இத்தன நாளா மரத்தத் தேடிகினு காலு தேஞ்சு போச்சுங்க. இப்ப படத்தப் பாத்து நேரா போறோம். புண்ணியம் உங்களுக்கு."

கௌரியம்மாள் அந்தப் பழத்தைத் தொடவில்லை. "பழம் என்னா பண்ணுச்சு?" என்று பரந்தாமன் இரண்டு தின்றார்.

கிழக்குக் குன்று மொட்டையானதும் அடுத்த ஏலத்துக்குப் புதுப் படம் கேட்டார்கள். ஊற்றுப் பள்ளம்தான் பாக்கி. அதைப் பாறை என்று தீட்டிவிடலாமா என்று யோசித்தாள். பாறையென்றால் யாராவது போய்ப் பார்த்துவிடுவார்கள். சாமியைப் போய்ச் சரிபார்க்க இந்த ஊரில் யாருக்குத் துணிவு வரும்? பச்சைக்கு நடுவே சிவப்பு மசியில் சின்னதாக ஒரு கோபுரக் குறி போட்டாள்.

பரந்தாமன் படத்தை மூக்கருகே வைத்துப் பார்த்தார். "இங்க ஏது கோயிலு?"

"உங்களுக்குத்தான் கண்ணு தெரியலியே."

அவர் படத்தை இறக்கிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, "ஆங், இருக்குது போல" என்று கையெழுத்துப் போட்டார்.

கோயில் இடமென்று ஊற்றுப் பள்ளத்தை ஏலத்திலிருந்து நீக்கினார்கள். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவள் சில வாரம் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள், விறகு விற்கும் பூவம்மாள் வழக்கத்தைவிடப் பெரிய கட்டோடு வந்தாள்.

"ஏது பூவம்மா இவ்ளோ?"

"ஊத்துப் பள்ளத்துலம்மா. பந்தலுக்கு வெட்னதுல மிஞ்சிச்சு. வாங்க, காட்றேன்."

கௌரியம்மாள் கூடவே போனாள். சாமியிருக்கும் இடத்தை வெட்டப் பார்த்தோமே என்று பயந்த துளசிங்கம், பரிகாரமாக அங்கே ஒரு வேல் நட்டிருந்தார். வேலைச் சுற்றிப் பந்தல், பந்தலைச் சுற்றிப் பொங்கல் அடுப்புகள். ஒவ்வோர் அடுப்பிலும் பச்சை விறகு புகைந்துகொண்டிருந்தது. ஊற்றில் நாலு பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பூவம்மா, மாமரத்தக்கூட வெட்டிகினு இருக்காங்க?" என்று கௌரியம்மாள் கேட்டாள்.

"தேர் ஓடணுமாம், வழி பண்றாங்க" என்றாள் பூவம்மாள்.

"எந்தச் சாமிக்குத் தேரு?"

"என்னா இப்பிடிக் கேக்குறீங்க? ரொம்பப் பழைய சாமிம்மா. சர்க்கார் படத்துலயே இருக்குது. கும்பிடுங்க."

என்றைக்குப் பிறந்தது என்பதுகூட அவளுக்குத் தெரிந்த ஒரே சாமி அது; அவள் தொட்ட சிவப்பு மசியில் பிறந்தது. சுற்றிலும் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். கௌரியம்மாள் கைகூப்பினாள். வேண்டாமலும் இருக்க முடியவில்லை. கிணற்றைக் காப்பாற்று என்று அதனிடமே கேட்டாள்.