அளவுக்கு ஒரு ஆள்

வேலம்மாள் அக்கா என் வரைநோட்டை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றாள். எஸ்டேட்டில் காபிப் பழம் பறித்த விரல்களின் கறை தாளில் படாமலிருக்க உள்ளங்கையில் தாங்கியிருந்தாள். என் படத்தைப் பார்த்தால் எப்போதும் சிரிப்பாள். போக்கிடம் இல்லாமல் இந்தப் புதரை வரைய வந்துவிட்டேன் என்று கேலி செய்வாள். அன்று சிரிக்கவில்லை.

நான் ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் வரவேற்பில் வேலை பார்ப்பவள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு கொட்டச்சேட்டுப் பக்கம் வந்து, கீழே இறங்கும் எஸ்டேட் சரிவைப் பார்த்தபடி சாலைச் சுவரில் உட்கார்ந்து வரைவேன். ஏரியும் படகும் எனக்கு வேண்டாம். அதையெல்லாம் சுற்றுலா வருகிறவர்கள் போனில் வாரிக்கொண்டு போகட்டும். சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, ஒரு தகரக் கொட்டகை, இது போதும். கண்ணெதிரே இல்லாததைத் தாளில் வைக்க மாட்டேன் என்று அக்காவிடம் ஒருமுறை பெருமையடித்திருந்தேன். அந்தப் பெருமைதான் வினையாக முடிந்தது.

படத்தில், சரிவின் அடியில் இரண்டு மரங்களுக்கு நடுவே சின்னதாக ஒரு ஆள். மழைக்கு உரச்சாக்கை மடித்துத் தலையில் போட்டிருந்தான். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"எங்க ஊட்டுக்காரருங்க," என்றாள் அக்கா.

அவள் கணவர் சித்தன் காணாமல் போய் நான்கு மாதம் ஆகிறது. மழைக்கு வேலை நின்ற ஒரு மத்தியானம் சாக்கைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனவர் திரும்பவில்லை. கேரளாவுக்கு ஓடிவிட்டார், அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு எஸ்டேட் ரைட்டரும் வருகைப் பதிவிலிருந்து பெயரை நீக்கிவிட்டார். ஓடிப்போனவர் என்றால் திட்டித் தீர்க்கலாம், செத்தவர் என்றால் அழுது தீர்க்கலாம், ஒன்றும் தெரியாமல் எத்தனை நாள் சோறாக்குவது என்று அக்கா கேட்டிருக்கிறாள். அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை, போட்டோவில்கூட.

உள்ளதைச் சொல்லிவிட்டேன். மரத்தின் உயரம் புரியட்டும் என்று அளவுக்கு ஒரு ஆளைப் போடுவது வரைகிறவர்களின் பழக்கம். போன வாரம் பனி வந்து சரிவை மூடிக்கொண்டபோது, சும்மா இருக்க முடியாமல் போட்ட ஆள் அது. அங்கே யாரும் இல்லை. சொல்லிக்கொண்டே படத்தை மறுபடி பார்த்தேன். அளவுக்குப் போடும் ஆளுக்கு நான் ஒரு கோடும் மேலே ஒரு புள்ளியும்தான் வைப்பேன். தோளெல்லாம் வரைவதில்லை.

"பாக்காதத போட மாட்டேன்னு நீங்கதானுங்க அம்மிணி சொன்னீங்க. மருந்தடிக்கிற டேங்க் சுமந்து சுமந்து அவருக்கு அந்தத் தோளு எறங்கித்தானுங்க இருக்கும்." நோட்டைத் திருப்பித் தந்தாள். "எந்த எடத்துல நின்னாருன்னு மட்டும் காட்டுங்க. நொம்ப வேண்டாம், அது போதும்."

மறுத்திருக்க வேண்டும். அவள் அதற்குள் காபிச் செடிகளை விலக்கிக்கொண்டு இறங்கத் தொடங்கிவிட்டாள்.

கையை நீட்டி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடினேன். தூரத்து உயரத்தை இப்படித்தான் அளப்போம்: நுனி தலைக்கு, கட்டைவிரல் நகம் காலுக்கு. படத்தில் அந்த ஆள் கொட்டகைக் கதவில் பாதி உயரம்தான் இருந்தான். அக்கா இன்னும் முக்கால் கதவு உயரம் இருந்தாள். தள்ளிப் போனால்தான் அளவு குறையும். இன்னும் கீழே என்று கையசைத்தேன். இறங்கினாள். இடப்பக்கம் என்றேன். நகர்ந்தாள். மரங்களுக்கு நடுவே உன்னிப்புதர் மண்டிய இடத்தில், அளவு சரியாகப் பொருந்தியது. நான் நிறுத்தச் சொல்லுமுன்பே அவள் நின்றிருந்தாள்.

திரும்பி என்னைப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். அவள் தன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடியிலிருந்து பனி ஏறத் தொடங்கியது. எனக்கு அவளைக் கூப்பிட்டுவிட வேண்டும் போலிருந்தது, பயமாகவும் இருந்தது. அவள் மெல்ல முழங்கால் போட்டு உட்கார்ந்து, சருகை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி ஒதுக்கினாள்.

நான் இன்னும் பென்சிலை இறக்கவில்லை. அவள் உட்கார்ந்த பிறகும், நுனிக்கும் என் நகத்துக்கும் நடுவே, அளவு குறையாமல், ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார்.